நன்மை என்னும் பூட்டு

துறைமுகப் பட்டினத்தில் வாழ்பவர்க்கு ஓர் உண்மை பிறர் சொல்லாமலே விளங்கும். கப்பலில் வந்திறங்கும் சரக்கு எத்துணைச் சிறந்ததாயினும், அதனோடு வரும் பத்திரம் செம்மையாக இல்லையெனில் அது கரையேறாது. பண்டம் ஒன்று, அதனை யார், எந்த நிபந்தனையின் பேரில் எடுத்தாளலாம் என்னும் எழுத்து மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே சரக்கு எனப்படும். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலையில், சீனக்குடாவின் மாவாலைக்கு வரும் கோதுமைக்குப் பொருந்தும் இவ்விதி, கண்ணுக்குப் புலப்படாத வேறொரு சரக்குக்கும் இன்று பொருந்துவதாயிற்று. அச்சரக்கே மென்பொருள். கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் வந்திறங்கும் அதனோடும் ஒரு பத்திரம் வருகின்றது. அதனை உரிமம் என்பர். நம்மிற் பெரும்பாலோர் அதனைப் படியாமலே ‘சம்மதம்’ என்று குறித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம்.

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அதற்கு நம் நாட்டுச் சட்டமே விடை பகர்கின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாதுகாப்புக்குரிய ஆக்கங்களை எண்ணுமிடத்து, நூல், துண்டுப்பிரசுரம், கட்டுரை என்பவற்றோடு கணினிச் செய்நிரலையும் ஒரே வரிசையில் வைத்துள்ளது. ஒரு கவிஞனின் பாட்டுக்குள்ள பாதுகாப்பே ஒரு நிரலாளனின் நிரலுக்கும் உண்டு. ஆக்கியோன் வாழும் நாளும், அவன் மறைந்தபின் 70 ஆண்டும் அவ்வுரிமை நிலைக்கும். ஆகவே, நிரலும் ஓர் எழுத்தே. அதன் உரிமமும் ஓர் எழுத்தே. எழுத்தை ஆராய்ந்து பொருள் காண்பது கற்றோர் தொழிலாதலின், இவ்விடயம் நமக்குப் புறம்பானதன்று.

உரிமத்தின் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் நல்லெண்ணத்தாற் பிறந்த வாக்கியம், உலகெங்குமுள்ள நிரலாளரைப் பல ஆண்டு அலைக்கழித்த வரலாற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

நூற்பிசிறு களையும் கருவி

இணையப் பக்கங்களுக்கு இயக்கந்தரும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் என்பார் 1995இல், பத்தே நாளில், அதன் முதல் வடிவத்தை ஆக்கினார். விரைவிற் பிறந்த குழந்தையாதலின் அதற்குச் சில குறும்புகள் உண்டு. எடுத்துக்காட்டொன்று கூறுவோம். ஆசிரியர் ஒருவர் மாணவரின் புள்ளிகளைச் சரிபார்க்க ஒரு சிறு நிரல் எழுதுகின்றார். ‘இம்மாணவனின் புள்ளி 100 ஆகுமா?’ என்று கேட்பதற்குச் சமன்குறியை இரண்டு முறையோ மூன்று முறையோ இடல்வேண்டும். கைதவறி ஒருமுறை மட்டும் இட்டால், அது வினாவாகாமற் கட்டளையாகிவிடும். ‘இவன் புள்ளியை 100 ஆக்குக’ என்று கணினி கொள்ளும். வகுப்பிலுள்ள அனைவரும் நூற்றுக்கு நூறு பெற்றுவிடுவர். மொழியோ இதனைப் பிழையென்று சொல்லாது; வாய்மூடி இருக்கும்.

இத்தகைய வழுக்களை எழுதும்போதே சுட்டிக்காட்டும் கருவிகள் உள. துணியில் ஒட்டிய நூற்பிசிறை ஆங்கிலத்தில் ‘லிண்ட்’ என்பர். 1978இல் பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களில் ஒட்டியுள்ள பிசிறுகளைக் களையும் கருவிக்கு அப்பெயரையே இட்டார். அவ்வழியில் ஜாவாஸ்கிரிப்டுக்கு 2002இல் டக்ளஸ் குரொக்போர்ட் ஆக்கியது ‘ஜே.எஸ்.லிண்ட்’. கோட் எடிட்டர் என்று மாணவர் அழைக்கும் நிரல் தொகுப்பியுள் இத்தகைய கருவியைப் பொருத்திவிட்டால், எழுதுகின்றபோதே பிழையின்கீழ்க் கோடு விழும். ஏடு பார்த்துப் பதிப்பிப்போர்க்கு அருகிருந்து பாடம் ஒப்புநோக்கும் துணைவர் எத்தகையவரோ, நிரலாளர்க்கு இக்கருவி அத்தகையது.

குரொக்போர்ட் இக்கருவியின் மூலநிரலை யாவரும் காணத் திறந்துவைத்தார், விலையும் கேட்டாரல்லர். எம்.ஐ.டி. உரிமம் என வழங்கும் எளிய உரிமத்தையே எடுத்துக்கொண்டார். ‘யாரும் பயன்படுத்துக, மாற்றுக, பிறர்க்கு வழங்குக, ஆக்கியோன் பெயரையும் இவ்வுரிமத்தையும் மட்டும் நீக்காதீர்’ என்பதே அதன் சாரம். ஆனால் அதனுள் அவர் தாமாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். ‘இம்மென்பொருள் நன்மைக்கே பயன்படுத்தப்படல் வேண்டும், தீமைக்கன்று’ என்பது அதன் கருத்து. 2001 செப்டம்பரில் அமெரிக்காவிற் கோபுரங்கள் வீழ்ந்தபின், தீயோரை ஒடுக்குவோம் என்னும் முழக்கம் அந்நாடெங்கும் எழுந்திருந்த காலம் அது. அம்முயற்சியில் தம் பங்கும் இருக்கட்டும் என்று கருதியே அவ்வாறு எழுதியதாகப் பின்னர் ஒரு சொற்பொழிவில் அவர் பாதி நகையோடும் பாதி மெய்யோடும் கூறினார்.

இதனைப் படிக்கும் நல்லார் எவரும் முதலில் மகிழவே செய்வர். நன்மைக்குப் பயன்படுத்துக என்பதில் என்ன குற்றம்?

யாருடைய நன்மை?

குற்றம் கருத்தில் இல்லை. அது நின்ற இடத்தில் இருந்தது. அறநூலில் நிற்கும் நன்மை என்னும் சொல் படிப்பவன் உள்ளத்தைத் திருத்த முயல்கின்றது. சட்டப் பத்திரத்தில் நிற்கும் அச்சொல்லோ ஒரு வழக்கைத் தோற்றுவிக்க முயல்கின்றது. நன்மை எது, தீமை எது என்று உரிமம் வரையறுக்கவில்லை. தீர்ப்பவர் யார் என்பதும் அதில் இல்லை. கருவியைத் தந்தவரா, பெற்றவரா, நீதிபதியா?

திருகோணமலை வாசகர்க்கு இவ்வினாவின் கூர்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இத்துறைமுகத்தை நாடி வந்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய அனைவரும் தாம் நன்மையின் பக்கத்தில் நிற்பதாகவே கருதினர். 1622இற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினோர் தம்மைத் தீயோர் என்று எண்ணியிருப்பரோ? 1942 ஏப்ரல் 9ஆம் நாள் இப்பட்டினத்தின்மீது குண்டு பொழிந்த யப்பானிய விமானிகளும், எதிர்த்து நின்ற பிரித்தானிய வீரரும் தத்தம் நன்மையின் பொருட்டே போர் புரிந்தனர். நன்மை என்னும் சொல்லுக்கு எல்லாக் கொடிகளின் கீழும் இடமுண்டு. அதனாலேயே அது பத்திரத்திற் பூட்டாகின்றது. திறவுகோல் யார் கையிலுள்ளதென்று எவருக்கும் தெரியாது.

எனவே பிறர் ஆக்கங்களைத் தொகுத்து உலகுக்கு வழங்கும் அமைப்புகள் தயங்கின. 1998இல் வகுக்கப்பட்ட திறந்த மூல வரையறை, எந்த மனிதர்க்கும் எந்தத் துறைக்கும் எதிராக உரிமம் வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோ, எந்நோக்கத்துக்காகவும் நிரலை இயக்கும் உரிமையைத் தன் முதற் சுதந்திரமாக வைத்துள்ளது. நன்மை நிபந்தனை இவ்விரண்டோடும் முரணியது. ஆகவே அவ்வறக்கட்டளை அதனைக் கட்டற்ற உரிமமன்று என்று குறித்தது. டெபியன் தொகுப்பினரும் தம் முதன்மைத் தொகுதியுள் அதனை ஏற்க மறுத்தனர். தீமை செய்யும் விருப்பம் இவர்களுக்கு இருந்ததென்று எவரும் சொல்லார். தம் தொகுப்பை நாளை யார் கையிற் கொடுப்போம் என்பதற்குத் தாம் உறுதி கூற இயலாது என்பதே அவர்தம் நேர்மை.

பெரும் நிறுவனங்களின் சட்டத்தரணிகளும் தயங்கினர். ஐ.பி.எம். என்று முதலெழுத்துக்களைச் சொல்லி, அந்நிறுவனத்துச் சட்டத்தரணி ஒருவர் தமக்கு எழுதியதைக் குரொக்போர்ட் அதே சொற்பொழிவில் விவரித்தார். தாங்கள் தீமை செய்யப் போவதில்லை. ஆயினும் தங்கள் வாடிக்கையாளர் பொருட்டு உறுதி கூற இயலாது என்பது அவர் முறையீடு. அந்நிறுவனமும் அதன் வாடிக்கையாளரும் பங்காளரும் ஏவலாளரும் தீமைக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தாம் அனுமதி வழங்குவதாக இவர் மறுமொழி விடுத்தாராம். அவையினர் நகைத்தனர். ஆனால் அந்நகைப்பினுள் ஒரு துயரமும் உண்டு. சட்டத்தரணி வைத்திருக்கும் நிறுவனம் கடிதம் எழுதி அனுமதி பெற்றது. சட்டத்தரணி இல்லாத தொண்டர் குழுவோ கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சென்றது. தீயோரைத் தடுக்க எழுதிய வாக்கியம் தடுத்தது பெரும்பாலும் கவனமுள்ள நல்லோரையே. தீமை செய்பவன் உரிமம் படிப்பானோ?

இவ்வாக்கியம் ஒரு கருவியோடு நிற்கவில்லை. ‘ஜேசன்’ என வழங்கும் தரவு வடிவம் குரொக்போர்ட் வகுத்துத் தந்தது. அவ்வடிவம் யாவர்க்கும் பொது. எனினும் அதனைப் படிக்க அவர் எழுதிய நிரல்களில் அதே நிபந்தனை இருந்தது. நம் உயர்தர வகுப்பிற் பயிலும் பி.எச்.பி. மொழியினுள்ளும் அந்நிரலின் பகுதி புகுந்திருந்தது. 2015இல் வெளிவந்த அம்மொழியின் 7ஆம் பதிப்பிலேயே வேறொருவர் புதிதாக எழுதிய பகுதி அதன் இடத்தைப் பெற்றது. 2016 நவம்பரில் அபாச்சி அறக்கட்டளையும் அவ்வுரிமம் கொண்ட நிரலைத் தன் திட்டங்களிற் சேர்க்கலாகாது என விலக்கியது. அபாச்சியின் ‘ஆக்சிஸ்2’ முதலிய திட்டங்களில் இலங்கை நிரலாளரின் உழைப்பு பெரிது.

கைவினைஞர் கண்ட வழிகள்

பூட்டிய கதவின்முன் நின்றோர் மூன்று வழிகளை மேற்கொண்டனர்.

முதல்வழி, கிளை பிரிதல். 2011இல் அன்ரன் கொவல்யோவ் என்பார் ஜே.எஸ்.லிண்டிலிருந்து ‘ஜே.எஸ்.ஹிண்ட்’ என்னும் கிளையைத் தோற்றுவித்தார். பயனர் விருப்பத்துக்கு அது இடந்தந்தது. பல தொகுப்பிகளிற் புகுந்தது. ஆயினும் தாய்மரத்தின் நிரலை உடன்கொண்டு பிரிந்தமையால், நன்மை நிபந்தனையும் உடன்வந்தது. பிறர் எழுதியதைத் தழுவுவோன் பிறர் நிபந்தனையையும் தழுவுகின்றான் அன்றோ? அந்நிபந்தனையை நீக்கி எம்.ஐ.டி. உரிமத்துக்கு அது மாறியது 2020இலேயே. ஒரு வாக்கியத்தை எடுத்தெறிய ஒன்பது ஆண்டு சென்றது.

இரண்டாம் வழி, புதிதாகக் கட்டுதல். 2013இல் நிக்கலஸ் ஸாக்கஸ் என்பார் ‘ஈ.எஸ்.லிண்ட்’ என்னும் கருவியை வேறு அடித்தளத்தின்மீது எழுப்பினார். விதி ஒவ்வொன்றையும் தனித்தனியே சேர்க்கவும் நீக்கவும் இயலும்படி அமைத்து, கலப்பற்ற எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டார். இன்று ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோரிடையே மிகப் பரவி நிற்பது அதுவே. அதன் வெற்றிக்கு அமைப்பின் திறம் பெருங்காரணம். எவரிடமும் கடிதம் எழுதிக் கேளாமல் எடுத்துப் பொருத்தலாம் என்பது அத்திறத்துக்கு வழிவிட்ட காரணம்.

மூன்றாம் வழி, காத்திருத்தல். காலப்போக்கில் ஜே.எஸ்.லிண்டும் தன் பழைய நிபந்தனையை விடுத்துப் பொதுவுடைமையாயிற்று. பூட்டியவரே திறந்தார். ஆனால் அதற்குள் உலகம் வேறு வாயிலால் உட்புகுந்துவிட்டது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். ‘அப்படியாயின் ஆக்கியோன் எவ்வித நெறியையும் வற்புறுத்தலாகாதா? தன் கருவி கொலைக்குப் பயன்படுமாயினும் கைகட்டி நிற்பதா?’ என்பது அம்மறுப்பு. எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று இது. எனினும் இருவகை நிபந்தனைகளை வேறுபிரித்து நோக்குதல் வேண்டும். 1989இல் வெளிவந்த குனு பொது உரிமமும் ஒரு நெறியிற் பிறந்ததே. இந்நிரலை மாற்றிப் பிறர்க்கு வழங்குவாயாயின், அதன் மூலத்தையும் அதே உரிமையோடு வழங்கு என்று அது பணிக்கின்றது. மூலத்தை வழங்கினானா இல்லையா என்பது கண்டறியக்கூடிய செயல். நீதிமன்றம் ஆராயலாம், அயலானும் காணலாம். நன்மைக்குப் பயன்படுத்தினானா என்பதோ உள்ளத்தையும் விளைவையும் உலகப் பார்வையையும் சார்ந்தது. செயலை அளக்கும் நிபந்தனை வேலியாகும். உள்ளத்தை அளக்கும் நிபந்தனை மூடுபனியாகும். வேலியின் வாயிலை நாம் தேடிக் காணலாம். மூடுபனியில் நல்லவனே முதலில் நின்றுவிடுவான். கொலையைத் தடுக்கச் சட்டமும் அரசியலும் மனச்சாட்சியும் உள. அவற்றின் சுமையை ஒரு பிசிறு களையும் கருவியின் தலையில் ஏற்றுதல் தகாது.

அலை தந்த பாடம்

அனுமதி கேளாது எடுத்தாளக்கூடிய கருவிகளின் அருமையை இந்நாடு கண்ணீரோடு கற்ற காலமும் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது கிண்ணியா, மூதூர், குச்சவெளி முதலிய நம் கரைகள் யாவும் அழிவுற்றன. கிண்ணியா வைத்தியசாலையும் அழிந்தது. காணாமற் போனோர் யார், முகாம்களில் இருப்போர் யார், எங்கே எப்பொருள் வேண்டும் என்பன எவர்க்கும் விளங்காத அந்நாட்களிற் கொழும்பில் நிரலாளர் பலர் தன்னார்வமாகக் கூடி ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்குச் ‘சஹனா’ என்று பெயர். சிங்களத்தில் ஆறுதல் என்பது பொருள்.

அவர்கள் தரவுத்தளத்தையோ வழங்கியையோ தொடக்கத்திலிருந்து ஆக்கவில்லை. முன்னமே திறந்து கிடந்த கருவிகளை எடுத்துப் பொருத்தினர். சட்டத்தரணியின் கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டியிருந்தால், பிள்ளையைத் தேடிய தாய் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பாள்! சஹனாவும் கட்டற்ற உரிமத்திலேயே வெளியிடப்பட்டது. ஆதலின் 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பிறர் அதனை எடுத்தாள முடிந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயன் கருதி வழங்கும் 2006ஆம் ஆண்டின் விருதும் அதனை வந்தடைந்தது. ‘நன்மைக்கே பயன்படுத்துக’ என்று அதன் உரிமம் கட்டளையிடவில்லை. நன்மை தானாகவே விளைந்தது.

நம் மாணவர் செய்யத்தக்கவை

கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும், நம் பாடசாலைகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்புகளிலும் பயிலும் இளைஞர் சிலர் தமிழ் மாணவர்க்கென ஒரு நிரல் தொகுப்பியை ஆக்க முனைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பிழையைத் தமிழிலே எடுத்துரைக்கும் தொகுப்பி அது. ‘இங்கே நீ வினவவில்லை, கட்டளையிட்டுவிட்டாய்’ என்று தாய்மொழியிற் கேட்கும் பிள்ளை எத்துணை எளிதில் விளங்கிக்கொள்வான்! அதற்கு வேண்டிய கருவிகள் யாவும் திறந்தே கிடக்கின்றன. எழுதுபலகைக்குக் ‘கோட்மிரர்’, பிழை காண ‘ஈ.எஸ்.லிண்ட்’, வரிகளைச் சீர்படுத்தப் ‘பிரெட்டியர்’, மூன்றும் எம்.ஐ.டி. உரிமத்தன. மூலத்தை ஆக்கியோரின் பெயரையும் உரிமத்தையும் நீக்காது வைத்தாற் போதும்.

இக்கடமை தமிழ்ப் பதிப்பாளர்க்குப் புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் தம் பதிப்புரைகளில் இன்னார் தந்த ஏடு என்று நன்றியோடு குறித்துச் சென்றனர். திருகோணமலையிற் பிறந்து சென்னையில் ஏட்டுப் பணி புரிந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை அம்மரபில் வந்தவரே. ஏடு தந்தார் பெயரைச் சொல்வது எம்.ஐ.டி. உரிமத்தின் முழுக் கட்டளை எனலாம்.

ஆயினும் விழிப்பு வேண்டும். இன்று மாணவர் பெரிதும் பயன்படுத்தும் ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ என்னும் தொகுப்பியின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்தது. ஆனால் அந்நிறுவனம் ஆயத்தமாக்கி வழங்கும் பொருளுக்கு வேறு உரிமம். அதன் நீட்சிகள் குவிந்துள்ள சந்தையோ அந்நிறுவனத்தின் கருவிகளுக்கே உரியதென விதித்துள்ளனர். நீட்சிகளுட் சில பிற தொகுப்பிகளில் இயங்க அனுமதியற்றவை. இதனைப் பயன்படுத்துதற்கு மாணவர்க்குத் தடையில்லை. இதன்மீது புதியதொன்று கட்ட முனைவோர்க்கே கதவு குறுகுகின்றது. அன்னோர் ‘வி.எஸ்.கோடியம்’ என்னும் தூய தொகுப்பையும், எக்லிப்ஸ் அறக்கட்டளை நடாத்தும் ‘ஓப்பன் வி.எஸ்.எக்ஸ்’ என்னும் பொதுக் களஞ்சியத்தையும் நாடலாம். கடையின் பெயர்ப்பலகையில் ‘திறந்தது’ என்றிருந்தாலும், உள்ளே எந்த அறை திறந்தது என்று பார்த்தல் வேண்டும்.

மற்றொன்று: தாம் ஆக்கியதற்கும் நம் மாணவர் உரிமம் எழுதவேண்டும். உரிமமின்றி வெளியிட்ட நிரலைப் பலர் பொது என்று மயங்குகின்றனர். சட்டத்தின் கண்ணில் அது முற்றும் ஆக்கியோனுக்கே உரியது. பிறர் தொட அஞ்சுவர். பாரதியாரின் பாடல்கள்கூட அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குமேல் தனியார் உரிமையுள் இருந்தன. 1949இற் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றுப் பின்னர்ப் பொதுவாக்கிய பிறகே யாரும் தடையின்றி அச்சிடலாயிற்று. ஒரு மாணவன் எழுதிய சிறு நிரலுக்காக எந்த அரசும் முன்வராது. அவனே தன் கையால் இரண்டு வரி எழுதி வைத்தல் நன்று. அவ்வாறு எழுதும்போது புதிய நிபந்தனைகளைத் தானாகப் புனையாமல், உலகம் பயின்று தெளிந்த உரிமங்களுள் ஒன்றைத் தேர்தல் அதனினும் நன்று. குரொக்போர்ட் போன்ற அறிஞரே ஒரு வாக்கியத்திற் சறுக்கினார் என்பதை மறத்தலாகாது.

திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் தமிழில் வரவேண்டுமாயின் சொல்லுக்குச் சொல் எல்லை காணவேண்டும் என்பதை அப்பணி நமக்கு உணர்த்திற்று. இன்று கருவிகள் தமிழில் வரவேண்டுமாயின், அவற்றோடு வரும் பத்திரங்களிலும் சொல்லுக்குச் சொல் எல்லை காணவேண்டும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஓர் உரிமத்தை மாணவரோடு வரிவரியாகப் படித்துப் பார்க்கட்டும். எம்.ஐ.டி. உரிமம் ஒரு பக்கத்துக்கும் குறைந்தது. அதற்கு ஒரு பாடவேளை போதும்.